ஒப்புக்கொண்டான் என்றால் போதுமா?

"அவனே ஒப்புக்கொண்டுவிட்டான், இனி விசாரணை எதற்கு?" என்று கேட்பது நம் மக்களிடையே மாறாத வழக்கமாகிவிட்டது. தோட்டத்துக் காப்பிக்கடையிலும் இதைக் கேட்கிறோம். பட்டணத்து அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்திலும் கேட்கிறோம். நாம் ஜொகூரில் ஒரு தோட்டத்தில் கிராணி வேலை பார்த்து வருகிறோம். விடுமுறை நாட்களில் புக்கிட் பாத்தோக்கிலுள்ள தமக்கையார் இல்லத்துக்கு வந்து தங்குவதுண்டு. அண்மையில் அவ்வாறு வந்திருந்தபோது, பத்திரிகையில் வெளியான ஒரு திருட்டு வழக்கைப் பற்றி நண்பர்களிடையே பேச்செழுந்தது. வாலிபன் ஒருவன் போலீசாரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் செய்தி. உடனே ஒருவர், "நெருப்பில்லாமல் புகையுமா?" என்றார். மற்றொருவர், "ஒப்புக்கொண்டவனுக்கு வக்கீல் ஒரு கேடா?" என்றார். கூடியிருந்த ஏழெட்டுப் பேரும் தலையசைத்தார்கள். அந்த வாலிபன் எங்கே வைத்து ஒப்புக்கொண்டான், எந்த நேரத்தில், எந்த மொழியில் ஒப்புக்கொண்டான், அவன் சொன்னதை எழுதியவர் யார் என்று கேட்டவர் ஒருவரும் இலர். அவர்களில் இருவர் பட்டதாரிகள் என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இந்த அலட்சியத்தை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். குற்ற ஒப்புதல் வாக்குமூலம் ஒன்றை மட்டும் கொண்டு ஒரு மனிதனைச் சிறைக்கோ தூக்குமேடைக்கோ அனுப்புதல் தகாது; அவன் வாய்ச்சொல்லுக்கு வெளியே, அவனைச் சாராத வேறு சான்று ஒன்று இருந்தே தீரவேண்டும் என்பது நமது கட்சி. இது வக்கீல்கள் மட்டும் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் என்று எவரேனும் எண்ணினால், அவர் பெரிதும் ஏமாந்தவராவர். விசாரணை அறைக்குள் முதலில் கொண்டுபோகப்படுகிறவன் ஏழை. அங்கே பேசப்படும் மொழி விளங்காமல் விழிக்கிறவன் பெரும்பாலும் நம்மவன்.

முதலில் நம் வீட்டுக் குப்பையைக் கிளறுவோம். வாயால் வரவழைப்பதே உண்மை என்னும் எண்ணம் போலீஸ் நிலையத்தில் பிறந்ததன்று. அது நம் வீட்டிலும் ஊரிலும் கோயிலிலும் வளர்ந்தது. ஒரு நகை காணாமற்போனால் நம்மவர் செய்வதென்ன? வெற்றிலையில் மை தடவிப் பார்க்கிறார்கள். கோயில் முன் நிறுத்திக் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்லுகிறார்கள். கை நடுங்கியவன் கள்வன் என்று தீர்ப்பாகிவிடுகிறது. நடுங்குகிறவன் பயந்தாங்கொள்ளியாக இருக்கலாம், பட்டினியாக இருக்கலாம் என்று யாரும் யோசிப்பதில்லை. கைதேர்ந்த திருடனுக்குக் கை நடுங்குவதுமில்லை! பள்ளிக்கூடத்தில் பலப்பம் காணோமென்றால், முதலில் அடிபடுகிறவன் கடைசிப் பலகைப் பையன். "அடி உதவுகிறது போல் அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று பழமொழி வேறு! இரண்டு அடியில் அவன் ஒப்புக்கொள்ளுகிறான். ஆசிரியர் தம் திறமையை மெச்சிக்கொள்ளுகிறார். பலப்பம் பிறகு மேசைக்கடியில் கிடைத்தால், அது பற்றிப் பேச்சே இல்லை. இவ்விதம் வளர்ந்த பிள்ளைகள்தாம் பின்னாளில் போலீசாராகவும், நீதிபதிகளாகவும், பத்திரிகை வாசிக்கிற பொதுமக்களாகவும் ஆகிறார்கள்.

நிற்க. போலீசாரிடம் கொடுத்த ஒப்புதலை நம்பலாகாது என்று சட்டம் செய்யப்பட்டதற்கு நம் தமிழ்நாடும் ஒரு காரணம் என்பதை நம்மவருள் எத்தனை பேர் அறிவர்? 1854-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் சென்னை மாகாணத்துச் சித்திரவதைகளைப் பற்றிக் கடும் விவாதம் நடந்தது. அதன் விளைவாகச் சென்னைச் சர்க்கார் ஒரு விசாரணைக் கமிஷனை நியமித்தது. 1855-இல் வெளியான அதன் அறிக்கை, வரி வசூலிப்பதற்கும் ஒப்புதல் வாங்குவதற்கும் கீழ்நிலை உத்தியோகஸ்தர்கள் கையாண்ட முறைகளை வரிசைப்படுத்திற்று. விரல்களை மரச்சட்டத்தில் வைத்து நெரிக்கும் கிட்டி, கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்துக் குனியவைக்கும் அண்ணாந்தாள், கண்ணில் மிளகாய்ப்பொடி ஆகியவை அவற்றுட் சில. அண்ணாந்தாள் என்பது திண்ணைப் பள்ளிக்கூடத்துத் தண்டனையின் பெயருமாகும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். பள்ளியில் பழகிய கயிறே கச்சேரிக்கும் போயிற்று.

அந்த அறிக்கைக்குப் பின்னர், 1861-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும், அதன் பின் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வகுத்த 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்திலும், போலீஸ் அதிகாரியிடம் செய்த குற்ற ஒப்புதலை அதைச் செய்தவனுக்கு எதிராக நிரூபிக்கலாகாது என்ற விதி எழுதப்பட்டது. காவலில் இருக்கும்போது செய்த ஒப்புதலானால் மாஜிஸ்திரேட் முன்னிலையில் செய்ததாக இருக்கவேண்டும். ஆனால், அவன் சொன்ன சொல்லின்படி தேடிப்போய் ஒரு பொருள் அகப்பட்டால், அப்பொருளைக் காட்டிக்கொடுத்த அந்தப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இவ்விதிகள் 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து இந்தியாவில் பாரதீய சாக்‌ஷிய அதிநியம் என்னும் புதுப் பெயருடைய சட்டத்திலும் தொடர்கின்றன. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்விதியைக் கைவிட அந்நாட்டுக்குத் துணிவு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்கு அண்மைக்காலச் சான்றே போதும். 2025 ஜூன் மாதத்தில் சிவகங்கை மாவட்டத்து மடப்புரத்தில், பக்தர் ஒருவரின் நகை காணாமற்போனதாக எழுந்த புகாரில், கோயிற் காவலாளி அஜித்குமார் என்ற இளைஞர் போலீசாரின் விசாரணையில் அடிபட்டு இறந்தார். விதி ஏட்டில் இருந்தும் அடி நிற்கவில்லை என்று இதனைச் சிலர் காட்டக்கூடும். விதி இருக்கும்போதே இந்த நிலையென்றால், அதையும் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களை நாம் திருப்பிக் கேட்கிறோம்.

இனி நாம் வாழும் இப்பகுதிக்கு வருவோம். இந்தியச் சட்டத்தைத் தழுவிய சாட்சியச் சட்டம் 1893-இல் ஸ்டிரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸிலும் இயற்றப்பட்டது. பின்வந்த திருத்தங்களால் அந்த மதில் சிங்கப்பூரில் படிப்படியாகத் தாழ்ந்தது. 1976-இல் செய்த திருத்தத்தால், பேசாதிருக்கும் உரிமையை நினைவூட்டிய பழைய எச்சரிக்கை போய், எதிர்வாதத்தை இப்போதே சொல்லாமல் நியாயஸ்தலத்தில் சொன்னால் நீதிபதி நம்பாமற் போகலாம் என்னும் புதிய எச்சரிக்கை வந்தது. இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, சார்ஜெண்ட் தரத்துக்குக் குறையாத போலீஸ் அதிகாரியிடம் ஒருவர் தம் விருப்பப்படி கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகும். மிரட்டியோ, ஆசை காட்டியோ, வாக்களித்தோ பெற்றதன்று என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிலைநாட்ட வேண்டிய பொறுப்பு அரசுத் தரப்பினுடையது. இது நல்ல விதியே, மறுக்கவில்லை. ஆயினும், நீதிபதி அவ்வொப்புதலை உண்மையென்று நம்பிவிட்டால், பின்னர் அவன் மறுத்துரைத்தாலும், அது ஒன்றைக் கொண்டே அவனைத் தண்டிக்கலாம் என்பதும் இங்குள்ள சட்டமே. வக்கீல் துணையோ உடனே கிட்டாது. 2014-இல் ஜேம்ஸ் ராஜ் ஆரோக்கியசாமி வழக்கில், கைதானவர் வக்கீலைச் சந்திக்கும் உரிமை கைதான கணமே எழுவதன்று, நியாயமான காலத்துக்குள் கிடைத்தாற் போதும் என்று உயர்நீதிமன்றம் தெளிவுபடுத்திற்று. அந்த நியாயமான காலம் வருவதற்குள் வாக்குமூலம் எழுதி முடிந்துவிடுகிறது.

பாலத்துக்கு அப்பால் நடந்தது வேறு. மலேசியா 2006-இல் தன் நடைமுறைச் சட்டத்தைத் திருத்திற்று. 2007 செப்டம்பரில் அது அமலுக்கு வந்தது. அதன்படி, சில தனிச் சட்டங்களின் கீழ் வருவன நீங்கலாக, குற்றஞ்சாட்டப்பட்டவர் புலன்விசாரணையின்போது போலீசாரிடம் கொடுத்த வாக்குமூலம் அவருக்கு எதிராகச் செல்லாது. ஒரே விதையிலிருந்து வளர்ந்த இரண்டு மரங்கள், ஒரு மைல் அகலத் தண்ணீருக்கு இப்புறமும் அப்புறமும் நின்று வெவ்வேறு திசையில் சாய்ந்திருக்கின்றன. வாரந்தோறும் இரு கரைகளுக்கும் போய்வருகிற நம்மைப் போன்றோருக்கு இது சிந்திக்கத்தக்கதாகும்.

"குற்றம் செய்யாதவன் ஏன் ஒப்புக்கொள்ளுகிறான்?" என்பதே எதிர்க்கட்சியாரின் பெரிய கேள்வி. இதற்கு விடை தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. புக்கிட் பாத்தோக் குன்றின்மேல் ஏறிச் செல்லும் பழைய படிக்கட்டுகளை நம் நண்பர்கள் காலையில் உடற்பயிற்சிக்காக ஏறி இறங்குகிறார்கள். அவை 1942-இல் ஜப்பானியர், பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய யுத்தக் கைதிகளைக் கொண்டு கட்டிய சியோனான் சூரெய்த்தோ என்னும் போர் நினைவுச் சின்னத்துக்குச் சென்ற படிகள். சின்னம் 1945-இல் அழிந்தது. படிகள் மட்டும் மிஞ்சின. அச்சின்னத்தை எழுப்பிய ஆட்சியின் கெம்பெத்தாய் போலீசார் 1943-இல் என்ன செய்தார்கள்? செப்டம்பர் மாத இறுதியில் சிங்கப்பூர்த் துறைமுகத்துக் கப்பல்கள் சில வெடித்தன. அவ்வேலையைச் செய்தவர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து மீன்பிடி படகில் வந்து, சிறு தோணிகளில் நுழைந்து திரும்பிய கமாண்டோ வீரர்கள். ஜப்பானியரோ, இங்குள்ளவர்களே சதி செய்தார்கள் என்று முடிவுகட்டினார்கள். அக்டோபர் 10 தொடங்கி 57 பேரைப் பிடித்து, ஒய்.எம்.சி.ஏ. கட்டடம் முதலிய இடங்களில் அடைத்து, தண்ணீராலும் மின்சாரத்தாலும் தீயாலும் வதைத்தார்கள். 15 பேர் மாண்டனர். செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று சொல்லும்படி அவர்களை வற்புறுத்தினார்கள். சிலர் சொல்லவும் செய்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அக்கப்பல்களோடு யாதொரு தொடர்பும் இல்லை! 1946-இல் அவ்வதிகாரிகள் யுத்தக் குற்ற நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். எட்டுப் பேருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது.

"அது கொடுங்கோலர் காலம், நல்லாட்சியில் அப்படி நடக்குமா?" என்று கேட்பார்கள். நல்லாட்சியில் கிட்டி இராது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால், மனிதனை வளைப்பதற்குக் கயிறு ஒன்றுதானா உண்டு? தூக்கமின்மை வளைக்கும்; பயம் வளைக்கும்; "சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போகலாம்" என்ற நைப்பாசை வளைக்கும்; தம்பியைக் காப்பாற்ற வேண்டும் என்ற பாசமும் வளைக்கும். இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டு நகர வெடிகுண்டு வழக்கில் நால்வர் தங்கள் ஒப்புதலின் பேரில் 1975-இல் ஆயுள்தண்டனை பெற்று, 1989-இல்தான் குற்றமற்றவர்களாக வெளிவந்தார்கள். ஜப்பானில் ஹக்கமாதா இவாவோ என்பவர் 1966-இல் கைதாகி, பலநாள் விசாரணைக்குப்பின் ஒப்புக்கொண்டு, 1968-இல் மரணதண்டனை பெற்றார். போலீசார் தயாரித்த 45 வாக்குமூலங்களில் 44-ஐத் தள்ளிய நீதிமன்றம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. 2024 செப்டம்பரில் மறுவிசாரணை நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தபோது அவருக்கு வயது 88. 44 பொய்க்கு நடுவே 45-ஆவது எப்படி உண்மையாயிற்று என்று கேட்க ஒரு நாட்டுக்கு ஐம்பத்தாறு ஆண்டுகள் பிடித்தன.

இவ்வளவு தூரமும் வேண்டாம். நாம் இருக்கும் புக்கிட் பாத்தோக்குக்கு மேற்கே சில மைல் தொலைவிலுள்ள பூன் லே டிரைவில், 2005 மே மாதம் வயது முதிர்ந்த ஒரு பெண்மணி தம் வீட்டிலேயே கொலையுண்டார். படுக்கையிற் கிடந்த அவருடைய கணவரே அருகிலிருந்த சாட்சி. அண்ணன் தம்பியரான இஸ்மில் காதர், முகம்மது காதர் இருவரும் குற்றஞ்சாட்டப்பட்டனர். இஸ்மில் பல வாக்குமூலங்களில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவர் மாத்திரைப் போதைக்கு அடிமையானவர், அறிவுத்திறன் குறைந்தவர். அவரைக் கொலை நடந்த இடத்தோடு பிணைக்கும் கைரேகை முதலிய தடயம் ஒன்றும் இல்லை. விசாரணை நடந்துகொண்டிருக்கையில் முகம்மது, தான் ஒருவனே அதைச் செய்ததாகச் சொன்னார். அப்படியிருந்தும் 2009-இல் இருவருக்கும் மரணதண்டனை விதிக்கப்பட்டது.

2011 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இஸ்மிலைக் கொலைக்குற்றத்தினின்று விடுவித்தது. அத்தீர்ப்பு நம்மவர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. முதலிற் பெற்ற வாக்குமூலங்களைப் போலீஸ் அதிகாரி முறைப்படி எழுதவில்லை; சொன்னவருக்குப் படித்துக் காட்டவில்லை; கையெழுத்தும் வாங்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்தவன் ஒருவனே என்று கொலையுண்டவரின் கணவர் போலீசாரிடம் சொல்லியிருந்த செய்தியையோ, அரசுத் தரப்பு மிகவும் காலந்தாழ்த்தியே எதிர்த்தரப்புக்குக் காட்டிற்று. இவ்விரண்டையும் நீதிமன்றம் கடிந்துரைத்தது. தனக்கு எதிராகப் போகக்கூடிய சான்றையும் அரசுத் தரப்பு எதிரிக்குக் காட்டவேண்டும் என்ற கடமையையும் அத்தீர்ப்பே இந்நாட்டில் நிலைநாட்டிற்று. ஒரே வழக்கில் இரண்டு ஒப்புதல்கள், ஒன்றை நம்பி ஒருவரைத் தூக்கிலிட இருந்தார்கள், அது நிற்கவில்லை. இதில் அடியில்லை, கிட்டியில்லை, கெம்பெத்தாயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்தக் கணவர் சொன்ன ஒரு சொல் மட்டும் கோப்புக்குள்ளேயே கிடந்திருந்தால்?

இனி எழுதுகோலின் வலிமையைப் பார்ப்போம். ஒப்புதலைச் சொல்லுகிறவன் ஒருவன், எழுதுகிறவன் வேறொருவன் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 ஜூன் 11-ஆம் தேதி பேரறிவாளன் பிடிபட்டபோது அவருக்கு வயது 19. அக்காலத்திலிருந்த தடா சட்டம், பழைய விதிக்கு மாறாக, போலீஸ் சூப்பிரண்டெண்ட் பதிவுசெய்த ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்றது. ஒன்பது வோல்ட் பாட்டரிகள் வாங்கித் தந்ததாக அவர் சொன்னதாய்ப் பதிவான வாக்குமூலத்தைப் பெரிதும் ஆதாரமாகக் கொண்டு அவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 1999-இல் உச்சநீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. 2013-இல், அவ்வாக்குமூலத்தை எழுதிய தியாகராஜன் என்ற அதிகாரியே ஓர் உண்மையை வெளியிட்டார். பாட்டரி எதற்காக என்று தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டுவிட்டதாக அவர் கூறினார். ஒரு வாக்கியம்! அந்த ஒரு வாக்கியம் எழுதப்பட்டிருந்தால், குற்றம் செய்யும் எண்ணமே இல்லை என்று ஆகியிருக்கும். 2014-இல் தண்டனை குறைக்கப்பட்டு, 2022 மே 18-இல் அவர் விடுதலையானார். பத்தொன்பது வயதில் உள்ளே போனவர் ஐம்பதை எட்டி வெளியே வந்தார். அற்புதம்மாள் என்னும் தாய் முப்பதாண்டுகளுக்கு மேல் வாசல் வாசலாக ஏறி இறங்கியது அந்த ஒரு வாக்கியத்துக்காக.

எழுதுகிற மொழியும் வேறாகிவிட்டால் சொல்லவேண்டியதே இல்லை. இலங்கையில் 1979-இன் பயங்கரவாதத் தடைச்சட்டம், உதவிப் போலீஸ் சூப்பிரண்டெண்டுக்குக் குறையாத அதிகாரி பெற்ற ஒப்புதலை ஏற்றுக்கொண்டது. அது தானாகத் தந்ததன்று என்று நிரூபிக்கும் பாரத்தையும் கைதியின் தலையிலேயே சுமத்திற்று. 1993-இல் பிடிபட்ட நல்லரத்தினம் சிங்கராசா என்னும் தமிழ்த் தொழிலாளிக்குச் சிங்களம் தெரியாது. சிங்களத்தில் தட்டச்சு செய்த ஒப்புதலில் அவருடைய கைநாட்டு இருந்தது. வற்புறுத்தி வாங்கியது என்று அவர் முறையிட்டார். அந்தத் தாள் ஒன்றைக் கொண்டே 1995-இல் அவருக்கு 50 ஆண்டுச் சிறை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது 35 ஆயிற்று. 2004-இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு இதனை அநீதியென்று கண்டது. 2006-இல் இலங்கை உச்சநீதிமன்றம் அம்முடிவைத் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று தள்ளிவிட்டது.

இங்கும் அந்த வினா எழுந்திருக்கிறது. கஞ்சா வழக்கில் 2018-இல் தீர்ப்பாகி 2023 ஏப்ரல் 26-இல் சாங்கியில் தூக்கிலிடப்பட்ட தங்கராஜு சுப்பையா, தாம் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டும் தரப்படவில்லை என்று விசாரணையின்போது சொன்னார். நியாயஸ்தலம் அதை நம்பவில்லை. அவ்வழக்கில் வேறு சாட்சியங்களும் இருந்தன. அத்தீர்ப்பின் சரி தவறுகளை நாம் இங்கே ஆராய வரவில்லை. நாம் கேட்பது ஒன்றே. அந்த அறையில் ஒரு பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தால், கேட்டாரா கேட்கவில்லையா என்ற வாதத்துக்கு இடம் இருந்திருக்குமா? ஒரு மனிதனின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் ஒருவர் சொல்லுக்கு எதிராக மற்றொருவர் சொல் என்று ஏன் இருக்கவேண்டும்?

இந்த இடத்தில் நாமும் ஓர் ஒப்புதல் செய்தாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நாம் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் உரமூட்டைகள் கணக்கில் குறைந்தன. வயதான தொழிலாளி ஒருவரை ஆபீசுக்கு அழைத்து விசாரித்தார்கள். இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர் என்பதற்காக வாக்குமூலத்தை எழுதும் வேலை நமக்கு வந்தது. "மூட்டையை எடுத்தது நீங்கதானா அண்ணே?" என்று கேட்டோம். "ஆமாங்கய்யா, நான்தான் எடுத்தேன்" என்றார் அவர். நாம் அதை, அனுமதியின்றி எடுத்துச் சென்றதாக இங்கிலீஷில் எழுதினோம். அவர் கைநாட்டு வைத்தார். மறுவாரம் அவருக்கு வேலை இல்லை. சில மாதங்கள் கழித்து அந்த மூட்டைகள் அடுத்த டிவிஷன் ஸ்டோரில் இருந்தன. மண்டோர் சொன்னபடி ஸ்டோரிலிருந்து எடுத்து லோரியில் ஏற்றியதைத்தான் அவர் "எடுத்தேன்" என்று சொல்லியிருக்கிறார்! நாம் அவரை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. "அண்ணே" என்று மரியாதையாகவே கேட்டோம். தமிழில் ஒரு சொல்லுக்கு இருந்த இரண்டு பொருளில் ஒன்றை நம் எழுதுகோல் தேர்ந்துகொண்டது. அதற்கு முன் அடுத்த ஸ்டோர்க் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவரே ஒப்புக்கொண்டுவிட்டாரே, இனி எதற்கு என்று இருந்துவிட்டோம். அந்தப் பெரியவர் குடும்பத்தோடு தோட்டத்தை விட்டுப் போய்விட்டார். எங்கே போனார் என்று பிறகு விசாரித்தும் அறியக்கூடவில்லை.

ஒப்புதலை இவ்வளவு சந்தேகித்தால் குற்றவாளிகள் தப்பிவிட மாட்டார்களா என்பது அடுத்த ஆட்சேபம். ஒருவன் குற்றத்தைச் சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளும்படி நாம் சொல்லவில்லை. அவன் சொன்னதை வழிகாட்டியாகக் கொண்டு தேடுங்கள் என்கிறோம். கத்தி எங்கே என்றால் கத்தியை எடுங்கள். பணம் எங்கே என்றால் பணத்தை எடுங்கள். உண்மையான ஒப்புதல் தனக்குரிய சான்றுக்கு வழிகாட்டாமற் போவது அரிது. பொய்யான ஒப்புதல் எழுதியவர் முன்னமே அறிந்ததற்கு மேல் ஒன்றையும் காட்டாது. சிலப்பதிகாரத்தை நாம் மேடைதோறும் பேசுகிறோம். அதன் நீதியை எண்ணுவதில்லை. கோவலனைக் கொன்றபின் கண்ணகி பாண்டியன் அவையில் என்ன செய்தாள்? என் கணவர் கள்வர் அல்லர் என்று சத்தியம் செய்ததோடு நிற்கவில்லை. சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பில் முத்து. அவள் சிலம்பிலிருந்து தெறித்தது மாணிக்கம். பொருள் பேசிற்று, அரசன் வாயடைத்தான். பாண்டியன் அந்தச் சிலம்பை முதலிலேயே உடைத்துப் பார்த்திருந்தால் மதுரை எரிந்திராது.

ஆகவே நாம் கோருவன மூன்று. முதலாவது, எத்தகைய ஒப்புதலாயினும், அதனைத் தாங்கும் வேறு சான்று இல்லாமல் தண்டிக்கலாகாது என்று சட்டம் செய்யவேண்டும். ஸ்காட்லாந்துச் சட்டம் இதனை நெடுங்காலமாகக் கைக்கொண்டிருக்கிறது. அங்கே குற்றவாளிகள் பெருகி நாடு அழிந்துவிடவில்லை. இரண்டாவது, விசாரணை அறையில் நடப்பது முதற்கேள்வி தொடங்கி முழுவதும் பதிவாக வேண்டும். இங்கிலாந்து 1984-இன் சட்டத்தால் ஒலிப்பதிவுக்கு வழிசெய்தது. சிங்கப்பூரும் 2018-இன் குற்றவியல் நீதிச் சீர்திருத்தச் சட்டத்தால் காட்சிப் பதிவுக்கு இடந்தந்து, பாலியல் வன்கொடுமை வழக்குகளில் அதனைத் தொடங்கிற்று. நல்ல தொடக்கம், பாராட்டுகிறோம். உயிர்த்தண்டனைக்குரிய ஒவ்வொரு வழக்கிலும், தமிழ் மட்டும் அறிந்தவர் ஒவ்வொருவர் விஷயத்திலும் அது கட்டாயமாக வேண்டும். மூன்றாவது, கையெழுத்து வைப்பதற்கு முன் ஒரு வக்கீலின் முகத்தை அவன் பார்க்கவேண்டும். கையெழுத்து உலர்ந்தபின் வருகிற வக்கீல், வெள்ளம் போனபின் போட்ட அணை.

சர்க்கார் செய்யவேண்டியவை இவை. நாம் செய்யவேண்டியதும் உண்டு. தோட்டத்துத் தோழர்களே! பட்டணத்துத் தொழிலாளிகளே! உங்களுக்குப் புரியாத மொழியிலுள்ள தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். தமிழில் படித்துச் சொல்லும்படி கேளுங்கள். தவறு இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். சிங்கப்பூர்ச் சட்டப்படி எழுதிய வாக்குமூலத்தைச் சொன்னவருக்குப் படித்துக் காட்டவேண்டும், மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டும், திருத்தவும் இடமுண்டு. அது உங்களுக்கு எவரும் இடுகிற பிச்சையன்று. படித்த வாலிபர்களே! உங்கள் வீட்டிலும் ஆபீசிலும் ஒரு பொருள் காணாமற்போனால், ஏழையின் முகத்தைப் பார்க்குமுன் கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள். மை தடவிய வெற்றிலையையும், அணைத்த கற்பூரத்தையும், பிள்ளைகள்மேல் ஓங்கிய பிரம்பையும் ஒருசேரத் தூக்கி எறியுங்கள்.

இனி எவரேனும் நம்மிடம் வந்து, "அவனே ஒப்புக்கொண்டுவிட்டான்" என்று சொல்லுவாரானால், "வேறென்ன இருக்கிறது?" என்று கேட்போமாக. அந்த வினாவைக் கேட்காமல் இருந்ததனாலேதான் ஒரு பெரியவர் தம் பெட்டியையும் பாயையும் தூக்கிக்கொண்டு நம் கண்முன்னே தோட்டத்து வாசலைக் கடந்து போனார்.